அறைக்குக் கொடுத்த முதல் எண்

1993இல், வலைப்பின்னல் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் சிசிஐஇ என்ற உயர்நிலைச் சான்றிதழைத் தொடங்கியபோது, தேறியவர்களுக்கு வரிசை எண் கொடுத்தது. எண்கள் 1024இல் ஆரம்பித்தன. இரண்டின் பத்தாம் அடுக்கு அது. கணினிக்காரர்களுக்கு அதுதான் ஆயிரம். ஆனால் அந்த 1024 எந்த மனிதருக்கும் போகவில்லை, தேர்வு நடந்த லேப் அறைக்கே போனது. 1025 தேர்வை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. 1026 டெர்ரி ஸ்லாட்டரிக்கு. சிஸ்கோவில் வேலை பார்க்காமல் தேறிய முதல் ஆள் அவர். அறைக்கு அன்று கிடைத்த அந்த மரியாதை ஒரு வழக்கத்தின் வேரைக் காட்டிவிடுகிறது. வீட்டின் ஒரு மூலையில் பழைய ரவுட்டர்களையும் ஸ்விட்ச்களையும் அடுக்கி, இரவில் கட்டளை தட்டிப் பழகும் வீட்டு லேப் வழக்கத்தைப் பொதுவாகக் கணினிப் பித்தின் பிள்ளை என்பார்கள். அது தேர்வின் பிள்ளை என்பதே என் கட்சி. புத்தகத்தைப் படித்து மட்டும் தேற முடியாத ஒரு தேர்வு பிறந்த பிறகுதான், அந்தத் தேர்வறையின் நகல் வீடுகளில் முளைத்தது.

சான்றிதழ் என்ற ஏற்பாடு கல்விக்காகப் பிறந்ததல்ல. 1980களில் அலுவலகக் கணினிகளைப் பிணைக்கும் நெட்வேர் மென்பொருளை நோவெல் நிறுவனம் கடைகள் வழியாக விற்றது. அதை நிறுவவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆள் கடையில் இல்லையென்றால், வாடிக்கையாளரின் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் நோவெலின் தலையில்தான் விழும். ஆகவே அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சிஎன்இ சான்றிதழ் வந்தது. 1992இல் மைக்ரோசாஃப்ட்டும், 1993இல் ஏ பிளஸ் தேர்வுடன் காம்டியாவும் அதே வழியில் வந்தன. இவற்றுக்கெல்லாம் பொதுவான வடிவம் ஒன்று: தேர்வு மையத்துக் கணினி முன் உட்கார்ந்து, கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்து, எழுந்திருக்கும்போதே முடிவைத் தெரிந்துகொள்வது. எளிய ஏற்பாடு, ஊர் ஊராகப் பரவவும் செய்தது. ஆனால் 1990களின் பிற்பாதியில் விண்டோஸ் என்டி படிப்பு அலையாக எழுந்தபோது அதன் ஓட்டை தெரிந்தது. கேள்விகளை மனப்பாடமாக வெளியே கொண்டுவந்து பட்டியலாக்கும் ‘பிரெயின் டம்ப்’ பழக்கம் வேர்பிடித்தது. சர்வரைத் தொட்டுப் பார்க்காமலே மைக்ரோசாஃப்ட்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் வாங்கியவர்களைத் தொழிலில் இருந்தவர்கள் ‘பேப்பர் எம்சிஎஸ்இ’ என்று கசப்போடு அழைத்தார்கள். படித்தவர்களை அதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே மாணவர் தயார் செய்கிறார். அந்தத் தேர்வு கையைக் கேட்கவில்லை.

சிசிஐஇ கையைத்தான் கேட்டது. எழுத்துத் தேர்வு அதில் வெறும் வாசல்படி. உள்ளே லேப் தேர்வு இரண்டு நாள். உண்மையான கருவிகளையும் ஒரு கட்டு நிபந்தனைகளையும் கொடுத்து, இப்படி ஒரு வலைப்பின்னலைக் கட்டு என்பார்கள். முதல் நாள் போதிய மதிப்பெண் வராதவர் மறுநாள் வர வேண்டியதில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில், கட்டி முடித்ததைத் தேர்வாளரே ரகசியமாகக் கெடுத்து வைப்பார். எங்கே கெட்டது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனையை மனப்பாடத்தால் தாண்ட முடியாது. கேபிள் கழன்றிருப்பதையும், முகவரியில் ஓர் எண் தவறியிருப்பதையும், இரண்டு வழித்தட நெறிமுறைகள் ஒன்றுக்கொன்று பொய்ச் செய்தி ஊட்டிக்கொண்டிருப்பதையும் பிரித்தறிய, அதே பிழைகளை ஏற்கெனவே பலமுறை செய்து விழுந்திருக்க வேண்டும். தேறியவர்களுக்குச் சந்தையில் விலையும் இருந்தது. சிஸ்கோவின் கோல்ட் பார்ட்னராக விரும்பும் நிறுவனம் குறைந்தது 4 சிசிஐஇக்களை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று அன்று இருந்த விதியே அதற்குச் சான்று.

அந்த அறையை வீட்டுக்குள் கொண்டுவருவது எளிதல்ல. தனிக் கணினி பழக ஒரு கணினி போதும். வலைப்பின்னல் பழக ஊர் ஊராகப் பிரிந்த கிளை அலுவலகங்கள் வேண்டும். 1990களில் எங்கும் பரவியிருந்த 2500 வரிசை ரவுட்டர்கள் இங்கே கைகொடுத்தன. பெரிய நிறுவனங்கள் புதிய கருவிகளுக்கு மாறியபோது இவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. 1995இல் தொடங்கிய ஈபே ஏலத்தளமும், 2000க்குப் பின் டாட்காம் நிறுவனங்கள் சரிந்தபோது விற்பனைக்கு வந்த சரக்கும் அந்த வழியை அகலப்படுத்தின. பழகியவர்களின் சாமர்த்தியம் இணைப்புகளில் இருந்தது. இரண்டு ஊர்களுக்கிடையே ஓடும் தொலைபேசி நிறுவனத்தின் வாடகைத் தடத்தில், தரவு எந்த வேகத்தில் துடிக்க வேண்டும் என்ற தாளத்தை அந்த நிறுவனத்தின் கருவிதான் கொடுக்கும். வீட்டில் அந்த நிறுவனம் ஏது? இரண்டு ரவுட்டர்களை நேராகப் பிணைத்து, டிசிஇ எனப்படும் கேபிள் முனை எந்த ரவுட்டரில் இருக்கிறதோ அதில் ‘கிளாக் ரேட்’ கட்டளையைக் கொடுத்தால் அதுவே தாளம் போட ஆரம்பித்துவிடும். நிறைய சீரியல் வாயில்கள் உள்ள இன்னொரு ரவுட்டரை ஃபிரேம் ரிலே ஸ்விட்ச்சாக மாற்றினால், தொலைபேசி நிறுவனத்தின் நடுக்கூடமே அறைக்குள் வந்துவிடும். 2511 ரகம் ஒன்று இருந்தால் 16 கன்சோல்களை ஒரே இடத்திலிருந்து ஆளலாம். ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதைப் போலி செய்யத் தனி விலையுயர்ந்த பெட்டி தேவைப்பட்டது. தேர்வுக்காகப் பழகியவர், இப்படித் தன்னையறியாமல் தொலைபேசி நிறுவனத்தின் வேலையையும் சேர்த்தே கற்றுக்கொண்டார். பாடப்புத்தகம் கோடாக வரைந்து விட்டுவிடுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துபோனது.

பித்து தேர்வுக்கு முந்தியதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலிஃபோர்னியாவில் ஹோம்புரூ கணினிக் கழகம் 1975இலேயே கூடியது. அதற்கும் வெகு முன்னால் அமெச்சூர் வானொலிக்காரர்கள் வீட்டில் கருவி கட்டினார்கள். அமெரிக்காவில் அவர்களை உரிமத்துக்குள் கொண்டுவந்த சட்டம் 1912இல்தான் வந்தது. ஆசை முந்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசை தனக்குப் பிடித்த இடத்தைத்தான் தோண்டும். உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு என்றானதும், பேசுவதில் மட்டும் ஆர்வம் கொண்டவரும் இரவுதோறும் புள்ளியும் கோடும் கேட்டுக் காதைப் பழக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு வாசகருக்கு இன்னும் நெருக்கமான சான்று தட்டச்சுத் தேர்வு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு லோயருக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்று அரசுத் தேர்வு விரலை அளந்ததால்தான், தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் எழுந்தன. தட்டச்சு எந்திரத்தின் பாகங்களை எழுதச் சொல்லும் தேர்வாக மட்டும் இருந்திருந்தால் நோட்ஸ் விற்பனைதான் நடந்திருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இந்த லேப்கள் பணம் உள்ளவர்களின் வழி என்பது. உண்மைதான். 2000களில் சிசிஐஇ லேப் தேர்வை ஒருமுறை எழுதவே ஆயிரம் டாலருக்கு மேல். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நகரங்களில்தான் மையங்கள். அதற்குமேல் வீட்டில் ஓர் அலமாரி இரும்பு. திறமை இருந்தும் எத்தனையோ பேர் வாசலிலேயே நின்றிருப்பார்கள். அந்த இழப்பைச் சிறிதாக்கிச் சொல்ல முடியாது. ஆனால் தடை இருந்தது கருவியின் விலையில். கையைச் சோதித்ததில் அல்ல. ரெட் ஹாட் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த ஆர்எச்சிஇ தேர்வு இதற்குச் சாட்சி. அதுவும் செய்முறைத் தேர்வுதான். அமைத்த எதுவும், கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும் நிற்க வேண்டும் என்று கேட்டது. ஆனால் லினக்ஸ் இலவசம். அதே ஆண்டு வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் மென்பொருள், ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட வழி செய்தது. தேர்வின் கடுமை குறையாமலே பழகும் செலவு இறங்கியது.

ரவுட்டர்களுக்கு அந்த இறக்கம் 2005இல் வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ எழுதிய டைனமிப்ஸ், சிஸ்கோவின் 7200 ரவுட்டரைச் சாதாரணக் கணினிக்குள் போலி செய்தது. சிஸ்கோவின் மென்பொருளை அதில் ஓட்டுவதற்கான உரிமம் வேறு விஷயம். அந்தச் சிக்கல் கடைசிவரை தீரவில்லை. சும்மா இருக்கும் ரவுட்டரும் கணினியின் முழுச் சக்தியையும் விழுங்கும் என்பதால், ‘ஐடில் பிசி’ என்ற மதிப்பைத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்விட்ச்களின் தனிச் சில்லுகளை டைனமிப்ஸ் போலி செய்யவில்லை. ஆகவே 3550, 3560 ரக ஸ்விட்ச்கள் அலமாரியிலேயே தங்கின. இருந்தும், ஜிஎன்எஸ்3 என்ற மென்பொருள் டைனமிப்ஸுக்குப் படங்களாலான முகத்தைக் கொடுத்ததும், பத்து ரவுட்டர் என்பது ஒரு மடிக்கணினிக்குள் அடங்கும் சங்கதியாயிற்று. தேர்வறையும் அசைந்தது. 2001 அக்டோபரில் இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கி, பழுது தேடும் பிரிவு போனது. 2009இல் அது திரும்பி வந்தது. 2014 ஜூனில் ரவுட்டிங், ஸ்விட்சிங் பிரிவின் லேப் தேர்வு முழுவதும் மென்பொருள் ரவுட்டர்களுக்கும் ஸ்விட்ச்களுக்கும் மாறியது. ஃபிரேம் ரிலேயும் பாடத்திலிருந்து போயிற்று. தேர்வறையைப் பார்த்து வீடு நகலெடுத்த காலம் போய், வீட்டுக்கணினியில் ஓடியதைப் போன்ற ஒன்றே தேர்வறையிலும் ஓடத் தொடங்கியது. தாளம் போட்டுக்கொண்டிருந்த டிசிஇ கேபிளுக்கு இரண்டு இடத்திலும் வேலை இல்லை.