முடிந்தால் பிடி! - ஒரு கட்டளையின் கதை

ஆங்கிலத்தில் "இஃப் பாசிபிள்", "இஃப் நெசஸரி", "இஃப் பிராக்டிகபிள்" என்றெல்லாம் எழுதுகிறோம். "இஃப் இட் இஸ் பாசிபிள்" என்பதில் நடுவில் உள்ள எழுவாயையும் வினையையும் விட்டுவிட்டால் கிடைப்பது இந்தச் சுருக்கம். இலக்கணப்படி சரிதான். ஆனால் முடியுமா, முடியாதா என்று யார் முடிவு செய்வது? சுருக்கம் அதைச் சொல்லாது. இந்தச் சிக்கலுக்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் உண்டு.

1863 ஜூலை 1. அமெரிக்க உள்நாட்டுப் போர். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊரில் தென் மாநிலப் படை வென்றுகொண்டிருந்தது. தோற்ற வட மாநில வீரர்கள் ஊருக்குத் தெற்கே செமெட்ரி ஹில் என்ற குன்றில் ஒதுங்கினார்கள். தென் மாநிலத் தளபதி ராபர்ட் லீ, தன் கீழிருந்த ரிச்சர்ட் யூவெலுக்கு ஆள் மூலம் கட்டளை அனுப்பினார். முடிந்தால் குன்றைப் பிடிக்க வேண்டும். ஆனால் மற்ற படைகள் வரும்வரை பெரிய சண்டை கூடாது.

யூவெலின் வீரர்கள் களைத்திருந்தார்கள். அவருடைய ஒரு டிவிஷன் இன்னும் வந்து சேரவில்லை. முடியாது என்று தீர்மானித்து அவர் நின்றுவிட்டார். இரவோடு இரவாக எதிரிகள் குன்றைப் பலப்படுத்தினார்கள். மறுநாள் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் போரில் இரு தரப்பிலும் இறந்தவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் சுமார் 51,000 பேர். லீ தோற்றுப் பின்வாங்கினார்.

லீ இப்படிக் கட்டளையிடுவது வழக்கம்தான். ஸ்டோன்வால் ஜாக்சன் அதைக் கேட்டால் பாய்ந்துவிடுவார். ஆனால் அவர் 1863 மே மாதமே இறந்துவிட்டார். அவருடைய படையின் பெரும்பகுதி யூவெலிடம் வந்தது. கேட்கும் ஆள் மாறியதும் "முடிந்தால்" என்பதன் பொருளும் மாறிவிட்டது!

1864 ஜனவரியில் எழுதிய அறிக்கையில் லீ, "யூவெலுக்குச் சாத்தியமென்று தெரிந்தால்" என்ற பொருளில் முழு வாக்கியமாகவே எழுதினார். முடிவு யூவெலுடையது என்று அதில் தெளிவாகிறது. ஆனாலும் வரலாற்று நூல்களில் நிலைத்தது "இஃப் பிராக்டிகபிள்" என்ற சுருக்கம்தான். யூவெல் செய்தது சரியா, தவறா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

கணக்கில் "பாக்கி, இஃப் எனி" என்று எழுதினால் குழப்பமில்லை. பாக்கி உண்டா என்பதைப் பேரேடே சொல்லிவிடும். ஒரு மனிதர் தீர்மானிக்க வேண்டிய இடத்தில்தான் ஆபத்து. அங்கே "நீங்கள் அவசியமென்று கருதினால்" என்று ஆளையும் சேர்த்து எழுதுவதே நல்லது. இரண்டு சொல் கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.