வேலூரில் தாய்சேய் மருத்துவத் தொண்டு: கைமாறிய வரலாறு (1900–1948)

1890களில் திண்டிவனத்து மிஷன் பங்களாவின் கதவை ஒரே இரவில் மூன்று கணவர்கள் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனையில் மனைவி தவித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர் இருந்தார். அவர் ஆண் என்பதால் வேண்டாமென்று மறுத்தவர்கள், மருத்துவம் படிக்காத அவர் மகள் ஐடாவை அழைத்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா ஸ்கடர் மருத்துவரானதற்குக் காரணமாக இந்நிகழ்ச்சி பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது இதிலுள்ள சமூகச் செய்தி. மேலை மருத்துவத்தை அந்தக் குடும்பங்கள் வெறுக்கவில்லை. அதைத் தேடித்தான் இருட்டில் வந்தார்கள். பேறுகால அறைக்குள் ஆண் நுழைவதையே தடுத்தார்கள். ஆகவே எத்தனை ஆண் மருத்துவர்கள் கப்பலேறி வந்திருந்தாலும் அந்த உயிர்கள் பிழைத்திருக்க மாட்டா. சென்னையில் 1885இலேயே திரைமறைவில் வாழும் பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரி எழுந்ததற்கும் இதே தடைதான் காரணம்.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900 தொடக்கத்தில் வேலூர் வந்து தந்தையின் பங்களாவிலேயே சிறு டிஸ்பென்சரி நடத்தினார். உடன் வந்த தோழி ஆனி ஹான்காக் வீடுவீடாகச் சென்று பெண்களோடு பழகினார். மருத்துவ வரலாறுகள் ஆனியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. அந்நியப் பெண்ணின் மருந்தை நம்பலாம் என்ற எண்ணம் அடுப்படியிலும் முற்றத்திலும் நடந்த பேச்சில்தான் வேர்பிடித்திருக்க வேண்டும். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வெளிநாட்டுத் தொண்டர்களை மட்டும் நம்பியிருந்தால் வேலூர் ஊருக்கு உதவிய மருத்துவமனைகளுள் ஒன்றாக நின்றிருக்கும். 1903இல் கம்பவுண்டர் பயிற்சியும் 1909இல் செவிலியர் பள்ளியும் தொடங்கியபோதே பாதை மாறிவிட்டது. பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் வேலையை இழிவாகக் கருதிய காலத்தில், உள்ளூர்ப் பெண்களை அதற்குப் பழக்கியது அறுவை சிகிச்சையைவிடக் கடினமான காரியம். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி ஐடா நடத்திய ‘ரோட்சைடு’ வைத்தியமும், உதவிக்கு ஆளில்லாமல் தொடர்ந்திருக்க முடியாது.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, ஆறு பேர் விண்ணப்பித்தாலே அதிகம் என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் ஐயப்பட்டார். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதலாண்டுத் தேர்வெழுதிய பதினான்கு பேரும் தேறினர். ஆண்கள் பயின்ற பள்ளிகளில் தேர்ச்சி இந்த அளவு இல்லை. அங்கே கற்பிக்கப்பட்டது எல்.எம்.பி. என்ற, பட்டத்துக்குக் கீழான மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பு. கட்டடங்களுக்கான பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பெண்களின் திரட்டல். வேலூர் உள்ளிட்ட ஏழு ஆசிய மகளிர் கல்லூரிகளுக்காக அவர்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால், ராக்பெல்லர் நிதியம் பத்து லட்சம் தருவதாக ஏற்பாடு. திருச்சபைப் பெண்கள் சில்லறைக் காசாகவும் கொடுத்தார்கள். கடல் கடக்காத இந்தக் கொடையாளிகளையும் தொண்டர்களாகவே எண்ண வேண்டும்.

பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க முடியாதென்று 1938இல் சென்னை மாகாண அரசு முடிவெடுத்தபோது பள்ளியே மூடப்படும் நிலை உருவானது. அதைத் தவிர்க்கப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது: 1942இல் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு வந்தது, 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். மகளிர் கல்லூரியாகவே நீடிக்க விரும்பிய பழைய ஆதரவாளர்கள் மனம் நொந்தார்கள். அவர்களின் வருத்தம் நியாயமானது. எனினும் நிறுவனம் பிழைக்க வேறு வழி குறைவு. அடுத்த ஆண்டே, விசாகப்பட்டினத்தில் பிறந்த மகப்பேறு மருத்துவர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.