கொடைக்கானல் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி ஆய்வுகள்

கொடைக்கானல் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி ஆய்வுகள் என்பன, சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் சிவப்பு முனையை நோக்கிச் சற்று நகர்ந்து காணப்படுவதன் காரணத்தை அறிய, தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1910களிலும் 1920களின் தொடக்கத்திலும் நடைபெற்ற ஆய்வுகள் ஆகும். ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கோட்பாட்டைச் சோதித்த தொடக்ககால முயற்சிகளுள் இவை குறிப்பிடத்தக்கன. இவற்றை முன்னின்று நடத்தியவர் ஜான் எவர்ஷெட் (1864 - 1956). இவர் தொழில்முறை சாராத ஆர்வலராக வானியலுக்குள் வந்தவர்.

பின்னணி

வெப்பமான ஒரு தனிமத்தின் வளிமம் குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழவோ உறிஞ்சவோ செய்கிறது. இரும்பின் கோடுகளை ஆய்வகத்திலும் அளக்கலாம். சூரிய நிறமாலையிலும் அளக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டபோது சூரியனின் கோடுகள் பெரும்பாலும் சற்றே நீண்ட அலைநீளத்தில் இருப்பது 1890களிலேயே தெரியவந்தது. இதுவே செம்பெயர்ச்சி எனப்படுகிறது.

வலிமையான ஈர்ப்புப் புலத்திலிருந்து வெளியேறும் ஒளியின் அதிர்வெண் குறைய வேண்டும் என்று 1907 ஆம் ஆண்டிலும், மேலும் தெளிவாக 1911 ஆம் ஆண்டிலும் ஐன்ஸ்டீன் கூறினார். சூரியனைப் பொறுத்தவரை இக்குறைவு பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே. 5000 ஆங்க்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஒரு கோடு இதனால் ஏறத்தாழ 0.01 ஆங்க்ஸ்ட்ராம் மட்டுமே நகரும். நொடிக்கு 633 மீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகும் ஒரு பொருளின் டாப்ளர் விளைவுக்கு இது சமமானது.

புதன் கோளின் சுற்றுப்பாதை நகர்வு, சூரியனுக்கு அருகே விண்மீன் ஒளி வளைதல் ஆகியவற்றுடன் இதுவும் பொதுச் சார்புக் கோட்பாட்டின் மூன்று முதன்மைச் சோதனைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. இப்பெயர்ச்சி இல்லையெனில் தமது கோட்பாடு நிலைக்காது என்பதை ஐன்ஸ்டீனே ஏற்றுக்கொண்டிருந்தார்.

எவர்ஷெட்டும் வானாய்வகமும்

எவர்ஷெட் இலண்டனில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே, 1890 ஆம் ஆண்டு கென்லி என்னும் இடத்தில் சொந்தமாக ஒரு சிறு வானாய்வகம் அமைத்துச் சூரியனை ஆராய்ந்தார். முழுச் சூரிய ஒளிமறைப்புகளைக் காணத் தம் செலவில் பயணங்கள் மேற்கொண்டார். அத்தகைய பயணம் ஒன்றில் அறிமுகமான மேரி அக்வொர்த் ஓர் என்பவரைப் பின்னர் மணந்தார். மேரியும் வானியல் ஆர்வலர். தென்வானின் விண்மீன்கள் பற்றிய நூல் எழுதியவர்.

பழனி மலையில் 2300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் 1899 முதல் இயங்கிவந்த கொடைக்கானல் வானாய்வகத்தில் மிச்சி ஸ்மித்தின் உதவியாளராக எவர்ஷெட் 1907 ஆம் ஆண்டு சேர்ந்தார். சூரியக் கரும்புள்ளிகளின் புறப்பகுதியில் வளிமங்கள் கிடைமட்டமாக வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஆம் ஆண்டு அங்கு கண்டறிந்தார். இது இன்று எவர்ஷெட் விளைவு என அழைக்கப்படுகிறது. 1911 முதல் 1923 வரை அவர் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார்.

போட்டி விளக்கங்கள்

செம்பெயர்ச்சிக்கு ஐன்ஸ்டீனின் விளக்கம் மட்டுமே முன்வைக்கப்படவில்லை. அக்காலத்தில் பேசப்பட்ட பிற விளக்கங்கள் பின்வருமாறு:

1. அழுத்தம்: உயர் அழுத்தத்தில் உள்ள வளிமத்தின் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்வது ஆய்வகத்தில் அறியப்பட்டிருந்தது. ஆனால் கோடுகள் உருவாகும் சூரிய அடுக்கில் அழுத்தம் மிகக் குறைவு என்று எவர்ஷெட்டும் தாமஸ் ராய்ட்சும் தம் அளவீடுகளைக் கொண்டு காட்டினர். எனவே இவ்விளக்கம் பொருந்தவில்லை.

2. வளிமத்தின் இயக்கம்: சூரிய வளிமம் கீழ்நோக்கி இறங்கினால் அது நம்மை விட்டு விலகும்; டாப்ளர் விளைவால் செம்பெயர்ச்சி தோன்றும். ஆனால் சூரிய வட்டத்தின் விளிம்பில் மேல்கீழ் இயக்கம் நம் பார்வைக்குக் குறுக்காக அமைவதால் அங்குப் பெயர்ச்சி மறைய வேண்டும். அளந்தபோது விளிம்பில் பெயர்ச்சி குறையவில்லை; கூடியிருந்தது.

3. புவி விளைவு: இயக்கமே காரணம் என்றால், சூரியனின் மையத்திலும் விளிம்பிலும் வளிமம் புவியை விட்டு விலகிச் செல்ல வேண்டும். அதாவது, புவி சூரிய வளிமத்தை விலக்கித் தள்ளுகிறது என்று கொள்ள வேண்டும். வியப்பூட்டும் இக்கருதுகோளை எவர்ஷெட் முன்வைத்தார்.

வெள்ளி கோளைக் கொண்டு சோதனை

புவி விளைவு உண்மையானால், புவியை நோக்கிய சூரிய முகத்தில் மட்டுமே அத்தகைய செம்பெயர்ச்சி இருக்கும். மறுமுகத்தில் அது இராது. நாம் காணவியலாத அம்முகத்தின் ஒளியை எவ்வாறு பெறுவது? சூரியனுக்கு அப்பாலோ பக்கவாட்டிலோ வெள்ளி இருக்கும்போது, நாம் முழுமையாகக் காணாத சூரியப் பகுதியின் ஒளியை அது நமக்குத் திருப்பி அனுப்புகிறது. ஐன்ஸ்டீன் கூறியது சரியெனில் வெள்ளியின் ஒளியிலும் அதே செம்பெயர்ச்சி இருக்க வேண்டும்.

எவர்ஷெட் வெள்ளியின் நிறமாலையைப் பதிவு செய்தார். முதல் முடிவுகள் புவி விளைவுக்குச் சாதகமாகத் தோன்றின. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த சார்லசு செயின்ட் ஜான், நிக்கல்சன் ஆகியோர் இதே அளவீட்டைச் செய்து, 1921 ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டனர். அடிவானத்திலிருந்து வெள்ளி இருக்கும் உயரத்தைப் பொறுத்துப் பெயர்ச்சி மாறுவதை அவர்கள் காட்டினர். புவியின் வளிமண்டலம் ஒளியை நிறம்பிரித்து வளைப்பதால், கருவியின் பிளவில் ஒளி சீராக விழாமல் போனதே இதற்குக் காரணம். இவ்வாறு புவி விளைவு தன் ஆதாரத்தை இழந்தது.

செயின்ட் ஜான் 1917 ஆம் ஆண்டில் சயனோசன் கோடுகளில் ஐன்ஸ்டீன் கூறிய பெயர்ச்சி காணப்படவில்லை என அறிவித்து, கோட்பாட்டுக்கு எதிரான வலுவான சான்றை அளித்தவர். கூடுதல் கோடுகளை அளந்த பின்னர் 1923 ஆம் ஆண்டளவில் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். எவர்ஷெட்டும் ஐன்ஸ்டீன் விளைவு உள்ளது என்ற முடிவையே அடைந்தார். விளிம்பில் காணப்பட்ட கூடுதல் பெயர்ச்சி மட்டும் விளக்கப்படாமல் எஞ்சியது.

தற்கால விளக்கம்

சூரியப் பரப்பு கொதிக்கும் நீரைப் போன்றது. வெப்பமான, ஒளிமிக்க வளிமம் மேலெழுகிறது. குளிர்ந்த, ஒளி குறைந்த வளிமம் கீழிறங்குகிறது. ஒளிமிக்க பகுதியின் பங்கு கூடுதலாதலால் சூரிய வட்டத்தின் மையத்தில் கோடுகள் நீல முனையை நோக்கி இழுக்கப்படுகின்றன. இந்த நீலப்பெயர்ச்சி ஈர்ப்புச் செம்பெயர்ச்சியின் ஒரு பகுதியை மறைக்கிறது. விளிம்புக்கு அருகே இம்மறைப்பு குறைவதால் செம்பெயர்ச்சி மிகுதியாகத் தெரிகிறது. எனவே எவர்ஷெட் ஐயுற்றவாறு வளிமத்தின் இயக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

ஈர்ப்புச் செம்பெயர்ச்சியை ஆய்வகத்தில் முதன்முதலாக 1960 ஆம் ஆண்டு பவுண்டும் ரெப்காவும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 22.5 மீட்டர் உயரத்தில் காமாக் கதிர்களைக் கொண்டு அளந்தனர். சூரியனைப் பொறுத்தவரை, நிலவு திருப்பி அனுப்பும் ஒளியைக் கொண்டு செய்து 2020 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அளவீடு நொடிக்கு 638 மீட்டர் (பிழை 6 மீட்டர்) எனக் காட்டியது. எதிர்பார்க்கப்பட்ட 633 மீட்டருடன் இது ஒத்துப்போகிறது.

இந்தியாவில் பிற விவாதங்கள்

சார்புக் கோட்பாட்டுக்கு மாற்றாக இந்தியாவில் முன்வைக்கப்பட்ட கருத்துகளுள், அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சா முகம்மது சுலைமான் (1886 - 1941) 1930களில் வெளியிட்ட புதிய சார்புக் கோட்பாடு அறியப்பட்ட ஒன்று. கேம்பிரிச்சில் கணிதம் பயின்ற இவர், சூரியனுக்கு அருகே ஒளி வளையும் அளவு ஐன்ஸ்டீன் கூறிய 1.75 வில்நொடியைவிடக் கூடுதலாக இருக்கும் எனக் கணித்தார். 1929 ஆம் ஆண்டு சுமாத்திராவில் ஒளிமறைப்பின்போது கிடைத்த அளவீடும் 2.24 வில்நொடியாக இருந்தது. எனினும், பின்னர் வானொலித் தொலைநோக்கிகள் மூலம் செய்யப்பட்ட மிகத் துல்லியமான அளவீடுகள் ஐன்ஸ்டீனின் மதிப்பையே உறுதிப்படுத்தின.

முக்கியத்துவம்

ஒளி, காலம், அண்டம் பற்றி ஆர்வலர்கள் எழுப்பும் எதிர்வாதங்களுக்கு இவ்வரலாறு ஓர் அளவுகோலாக அமைகிறது. புவி விளைவும் சுலைமானின் கோட்பாடும் தவறாயின. ஆனால் இரண்டும் எந்த அளவீட்டில் தோற்கக்கூடும் என்பதைத் தெளிவாகக் கூறியிருந்தன. அதனாலேயே அவற்றைச் சோதித்துப் பார்க்கவும், அச்சோதனையின் வழியே சூரியனைப் பற்றிப் புதிதாக அறியவும் முடிந்தது.

எவர்ஷெட் 1923 ஆம் ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கு மீண்டும் ஒரு சொந்த வானாய்வகத்தை அமைத்துச் சூரிய நிறமாலை ஆய்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். கொடைக்கானல் வானாய்வகம் 1971 முதல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாக உள்ளது.