மாத்திரைக்குத் துணையா வந்த பேச்சு

இன்னைக்கு ஒரு பேச்சு சிகிச்சையோட கதை. பேரு இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி, சுருக்கமா ஐபிடி. பெரிய தத்துவத்துல இருந்து வந்ததுன்னு நினைக்கத் தோணும். உண்மையில் அது ஒரு மாத்திரை ஆராய்ச்சியின் பக்கவாத்தியமாகத்தான் பிறந்தது.

1969, அமெரிக்கா. டிப்ரெஷனிலிருந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வராமல் அமிட்ரிப்டிலின் மாத்திரை தடுக்குமா என்று பார்க்க நினைத்தார் மனநல மருத்துவர் ஜெரால்ட் க்ளெர்மன். நிஜத்துல நோயாளிங்க மாத்திரையோட பேச்சு சிகிச்சையும் எடுக்குறாங்களே, அதையும் சோதனைக்குள்ள சேர்ப்போம்னு முடிவு பண்ணார். என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை வகுக்க உடன் நின்றவர் மிர்னா வைஸ்மன். சமூகப்பணி படித்தவர்.

பால்யத்தைத் தோண்டவில்லை. இப்போ உன் வாழ்க்கையில யார் இருக்காங்க, யாரோட பிரச்சனை, இதுதான் கேள்வி. ஒரு சாவு, ஒரு சண்டை, வேலை போவது, கல்யாணம் மாதிரி ஒரு மாற்றம், இல்லேன்னா தனிமை. இவற்றில் எதை ஒட்டி மனசு சரிந்தது என்று பார்த்தார்கள்.

மாத்திரை நோய் திரும்புவதைத் தடுத்தது. பேச்சு, வீட்டிலும் வேலையிலும் மனிதர்களோடு பழகுவதைச் சீராக்கியது. ஆனா அது தெரியவே 6 முதல் 8 மாசம் ஆச்சு. 1984இல் முழு முறையும் புத்தகமாக வந்தது. எழுதி வெச்சதாலதான் இன்னொருத்தருக்குக் கற்றுக்கொடுக்க முடிஞ்சது. என்னைக் கேட்டா, அதுதான் பெரிய சாதனை.

அதுக்கு சாட்சி உகாண்டா. எய்ட்ஸ் சூறையாடிய ரகாய், மசாகா பகுதிகள். மருந்துக்குக் காசில்லை, மருத்துவர்களும் இல்லை. 2002இல் 30 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. முதல்ல ஊர்க்காரங்க இந்த வேதனைய எப்படிச் சொல்றாங்கன்னு கேட்டாங்க. 'தன்னையே வெறுப்பது' என்று பொருள்படும் ஒரு சொல் அவர்கள் மொழியிலேயே இருந்தது! ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி குழு. நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்ல. 2 வாரப் பயிற்சி எடுத்த உள்ளூர்க்காரர்கள். வாரம் ஒருமுறை, 16 வாரம்.

குழுவில் இருந்தவர்களில் டிப்ரெஷன் 86 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு இறங்கியது. சிகிச்சை கிடைக்காத கிராமங்களில் 94இலிருந்து 54.7. ஆமா, அங்கயும் குறைஞ்சுது, ஆனா அந்த இடைவெளியப் பாருங்க.

6 மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. குழு ஐபிடிக்கான கையேட்டை உலக சுகாதார நிறுவனமே 2016இல் வெளியிட்டது. நெட்ல இலவசமாவே கிடைக்குது.