பெரிய இடத்துச் சம்பந்தம்: அயர்ன்ரூபியும் ஜேரூபியும்

திறமூல நிரல்மொழி ஒன்றை ஒரு பெரிய கம்பெனி கையில் எடுத்தால் நிரலாளர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடும். ஆபீஸில் பேச வசதி. "மைக்ரோசாஃப்ட்டே பண்றாங்க சார்"னு சொன்னால் மேனேஜர் அதுக்கு மேல் கேட்கமாட்டார். அந்தத் தெம்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அயர்ன்ரூபி, ஜேரூபி கதையைத்தான் நான் சொல்வேன்.

முதலில் அயர்ன்ரூபிக்கு அண்ணன், அயர்ன்பைத்தான். ஜிம் ஹுகுனின் என்று ஒருவர். 1997-ல் பைத்தானை ஜாவா மேல் ஓடவைத்த மனிதர் (இன்றைக்கு ஜைத்தான் என்கிறோமே, அது). டாட்நெட் மேல் பைத்தான் ஆமை வேகத்தில்தான் ஓடும் என்று அப்போது பரவலாகப் பேச்சு. ஏன் அப்படி, டாட்நெட் ஏன் இந்த மாதிரி மொழிகளுக்கு லாயக்கில்லை என்று ஒரு சின்னக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். ஆதாரத்துக்காக ஒரு மாதிரி எழுதி ஓட்டிப் பார்த்தால்... நன்றாகவே ஓடுகிறது! கட்டுரை போச்சு, அயர்ன்பைத்தான் வந்தது. திட்டக் கிளம்பியவரை 2004-ல் மைக்ரோசாஃப்ட் வேலைக்கே எடுத்துக்கொண்டது :-)

2006 செப்டம்பரில் அயர்ன்பைத்தான் 1.0. அதே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஜேரூபியை எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் நட்டர், தாமஸ் எனபோ இருவரையும் வேலைக்கு எடுத்தது. 2007-ல் ஜான் லாம் மைக்ரோசாஃப்டில் சேர, அயர்ன்ரூபி அறிவிக்கப்பட்டது. ரூபி ஆன் ரெயில்ஸ் மோகம் தலைக்கேறியிருந்த நேரம். நிரலாளர்கள் ஜாவாவையும் டாட்நெட்டையும் விட்டு ஓடிடுவாங்களோன்னு ரெண்டு கம்பெனிக்கும் உள்ளூர பயம். இந்தத் திடீர்ப் பாசத்துக்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் இரண்டு வீட்டிலும் நடைமுறை வேறு. ஜேரூபி 2001-லேயே வெளியில் பிறந்த பிள்ளை. சன் வந்த பிறகும் யார் வேண்டுமானாலும் நிரல் கொடுக்கலாம். அயர்ன்பைத்தானில் மூலநிரலைப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போய் மாற்றலாம். ஆனா நீங்க ஒரு வழுவைச் சரிபண்ணிக் கொடுத்தா வாங்கிக்க மாட்டாங்க. வெளியாட்கள் எஃப்ஈபை என்ற பெயரில் தங்கள் திருத்தங்களைச் சேர்த்துத் தனியாக வெளியிட வேண்டியிருந்தது. அயர்ன்ரூபியிலும் நூலகப் பகுதிக்கு மட்டும்தான் வாசல் திறந்திருந்தது. அப்போது இதை ஒரு சின்னக் குறையாகத்தான் பலரும் பார்த்தார்கள்.

2009-ல் சன்னை ஆரக்கிள் வாங்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஜேரூபி ஆட்கள் காத்திருக்கவில்லை. அந்த ஜூலையிலேயே என்ஜின் யார்டுக்கு மாறினார்கள், 2012-ல் ரெட் ஹாட்டுக்கு. மொழியும் பின்னாடியே போச்சு. பயனர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை.

அயர்ன்ரூபி 1.0 வந்தது 2010 ஏப்ரலில். நாலே மாதத்தில் அந்தக் குழுவின் ஜிம்மி ஷெமென்டி வேலையை விட்டார். குழுவில் முழுநேரமாக மிஞ்சியது ஒரே ஆள் என்று வெளிப்படையாக எழுதினார். அக்டோபரில் இரண்டு மொழிகளையும் சமூகத்திடம் ஒப்படைப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஹுகுனின் கூகுளுக்குப் போய்விட்டார். கேட்க நல்லாத்தான் இருக்கு, "சமூகத்திடம் ஒப்படைப்பு". ஆனால் அத்தனை வருஷம் உள்ளே விடாமல் வைத்திருந்தால் அந்த நிரலின் உள்குத்து தெரிந்த சமூகம் எங்கிருந்து வரும்? அயர்ன்பைத்தானுக்கு எப்படியோ தன்னார்வலர்கள் அமைந்தார்கள். 2011-ல் 2.7 வந்தது; 3.4 வர 2022 ஆகிவிட்டது. அயர்ன்ரூபிக்கு அதுவும் இல்லை. 2011-க்கு அப்புறம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வெளியீடு கிடையாது. "1.0 வந்தாச்சு, இனி பயமில்லை" என்று அதை நம்பி வேலையை ஆரம்பித்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஜேரூபிக்கும் சோதனை வந்தது. 2024-ல் ரெட் ஹாட் ஆதரவை நிறுத்தியது. நட்டர் இன்னொரு பெரிய இடம் தேடிப் போகவில்லை. சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து, ஜேரூபி ஓட்டுகிற நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தரத் தொடங்கினார். 2025 ஏப்ரலில் ஜேரூபி 10 வெளியானது.