சுங்கானும் சுங்கமும்

நான் சுங்கான் பிடிப்பவன். குயிலாப்பாளையத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி, ஓய்வுபெற்று இதே ஊரில் இருக்கிறேன். என் தாத்தா காலத்துக் கிழவர்கள் முந்திரித் தோப்பில் காவல் இருக்கும்போது மண் சுங்கானில் புகையிலையை அடைத்து இழுப்பார்கள். 1968இல் ஆரோவில் வந்த பிறகு, மரத்தில் கடைந்த குழல்களும் எங்கள் பக்கம் தென்பட ஆரம்பித்தன. ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன குழல்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கான புகையிலையைப் பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கிவருவேன்.

இப்போது எங்களைப் போன்றவர்கள் கூடினால் பேச்சு விலையில்தான் வந்து நிற்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, குழலில் அடைக்கும் புகையிலைக் கலவைக்கு 28 சதவீத வரி. அதற்கு மேல் இழப்பீட்டு செஸ் 290 சதவீதம். 100 ரூபாய்ச் சரக்குக்கு 318 ரூபாய் அரசாங்கத்துக்குப் போனது. பீடிக்கு அந்த செஸ் இருக்கவில்லை. கடைக்காரரும் இந்தச் சரக்கை வாங்கி வைக்கத் தயங்குகிறார். கேட்டு வருபவர்கள் நாலைந்து கிழவர்கள்தானே. அரசாங்கம் நம்மைக் குறிவைத்துவிட்டது என்று நண்பர்கள் ஆற்றாமைப்படுகிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வரலாறு படித்தவன் என்ற முறையில் அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: புகையிலை நம் கரையில் இறங்கிய காலம் தொட்டு ஆள்பவர்கள் கை அதன்மேல் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த வரிக் காசை யார் கொடுத்தார்கள், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் புகையிலையைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். அதே ஆண்டு, ஒரு பவுண்டு புகையிலைக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதி வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றினார். இங்கே முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் புகைப்பதற்கே தடை போட்டார். தடை நிலைக்கவில்லை. வரி நிலைத்தது. இந்த இரண்டு வாக்கியத்தில் அடுத்த நானூறு ஆண்டுக் கதையும் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் கடற்கரையில் அந்த வரி குத்தகையாக வந்தது. சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியும் ஒரே வழியைத்தான் கையாண்டன. நகரத்துக்குள் வெற்றிலையும் புகையிலையும் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டார்கள். அதிகம் கேட்டவர் குத்தகைக்காரர். வேறு யாரும் விற்கக் கூடாது. வெளியிலிருந்து கொண்டுவந்தால் பிடிப்பார்கள். 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் இந்த வெற்றிலை புகையிலைக் குத்தகைப் பேச்சு வருகிறது. போர், முற்றுகை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தர்பார் என்று பெரிய காரியங்கள் நடக்கும் ஏட்டில், கூலிக்காரன் வாயில் அதக்கும் புகையிலைத் துண்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது. காரணம் எளிது. நிலவரி விளைச்சலைப் பொறுத்தது, மழை பொய்த்தால் வராது. புகையிலைக் காசு மழை பார்த்து வருவதில்லை. பழகியவன் சோற்றைக் குறைத்தாவது அதை வாங்கிவிடுவான். கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

இதைவிடக் கடுமையான ஏற்பாடு மேற்கே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரிலும் கன்னடக் கரையிலும் புகையிலை விற்பனையைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. சரக்கு கோயம்புத்தூர்ச் சீமையில் விளைவது. விளைவித்த குடியானவன் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். மலையாள தேசத்தில் வாங்குபவர் கம்பெனி சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். இடையில் இருந்தது பாலக்காட்டுக் கணவாய். கள்ளத்தனமாகக் கடத்துவது பெருகியது, காவல் பெருகியது, காவலுக்கான செலவும் பெருகியது. 1850களின் தொடக்கத்தில்தான் அந்த ஏகபோகத்தை விட்டொழித்தார்கள்.

திருவிதாங்கூர் அரசரும் அதே வழியில் நடந்தவர்தான். அங்கே போனது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் புகையிலை. தீவகத்திலும் வலிகாமத்திலும் கிணற்று நீர் இறைத்து வளர்த்து, புகை போட்டுப் பதப்படுத்தி, தோணியில் ஏற்றி அனுப்பினார்கள். திருவிதாங்கூர் வரியைக் கூட்டினால் யாழ்ப்பாணத் தோட்டக்காரன் வீட்டில் அடுப்பு தணியும். திவான் மாதவராவ் 1863இல் புகையிலை ஏகபோகத்தை எடுத்தார். இறக்குமதி வரி தொடர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ போடும் கையெழுத்து இந்தப் பக்கத்துக் குடும்பத்தின் பிழைப்பைத் தீர்மானித்தது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமல்ல. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி சுருட்டு. இதைப் பற்றி நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் தமிழர்களின் கைத்திறன் உலகம் முழுக்கப் போன தொழில்களில் இது ஒன்று. நம்மவர்களே இதை மறந்துகொண்டிருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று வெளிநாட்டில் பெயர்பெற்றது உறையூரில் சுற்றியது. இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்துக் காடுகளில் விளைந்தது. கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளைந்த லங்கா புகையிலையும் வந்தது. இலையைப் பாடம் போடுவதில்தான் பாதி வித்தை. காயவைத்து, அட்டியாக அடுக்கி, உள்ளுக்குள் சூடேற விட்டு, பிரித்து மாற்றி அடுக்கி, வெல்லப்பாகு தெளித்து ஊற வைத்து, மணம் இறங்கிய பிறகே சுற்றுவார்கள். உள்ளே வைக்கும் இலை ஒன்று, மேலே சுற்றும் இலை வேறு. மேல் இலையில் நரம்பு தடிப்பாக இருக்கக் கூடாது, ஓட்டை கூடாது. நுனியைச் சாய்த்து வெட்டி, ஈரப்பதம் பார்த்துச் சுற்றும் விரலுக்குக் கணக்கு தெரியும். இரண்டு முனையும் திறந்திருக்கும் நேரான சுருட்டு அது. பட்டாளத்துச் சிப்பாய்கள் விரும்பி வாங்கினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றும் 1887ஆம் ஆண்டுக் கதையில், அவர் சாம்பலைப் பார்த்தே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தச் சாம்பல் அங்கே பழக்கமாகியிருந்தது.

திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி பெரிய சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அந்த ஊரில் ஸ்பென்சர் காம்பவுண்ட் என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1948இல், சுருட்டுப் புகையிலைக்கென்றே வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அரசாங்கமே விதை கொடுத்தது, உரம் சொன்னது. அதே அரசாங்கத்தின் இன்னொரு கை கலால் புத்தகத்தோடு களத்தில் நின்றது.

அந்தக் கலால் இரண்டாம் உலகப் போரின் விளைவு. போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று 1943இல் புகையிலைக் கலால் சட்டம் வந்தது. 1944இல் அதை மத்திய கலால், உப்புச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். அதற்கு முன் புகையிலை வரி என்றால் துறைமுகத்தில், நகர வாசலில், கடையில். இப்போது வயலிலேயே வந்துவிட்டது. பயிரிட்டவர் கணக்குக் கொடுக்க வேண்டும். பாடம் போட்ட இலையை எடை போட்டுப் பதிய வேண்டும். உரிமம் பெற்ற வியாபாரிக்குத்தான் விற்கலாம். வரி கட்டாத சரக்கு முத்திரையிட்ட கிடங்கில் கிடக்கும். வெளியே எடுக்க பர்மிட் வேண்டும். பீடிக்குப் போகும் இலைக்கு ஒரு விகிதம், சிகரெட்டுக்கு ஒன்று, சுருட்டுக்கு ஒன்று. வயலில் நிற்கும் இலையைப் பார்த்து இது எதற்குப் போகும் என்று யார் தீர்மானிப்பது? இன்ஸ்பெக்டர். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனும் சட்டப் புத்தகம் வைத்திருக்கும் அதிகாரியும் களத்துமேட்டில் எதிரெதிரே நின்றால் விகிதம் எப்படி முடிவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1979 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சரண் சிங் பதப்படுத்தாத புகையிலைமீதான கலாலை நீக்கி, சுமையைத் தயாரித்த பொருள்களுக்கு மாற்றினார். முப்பத்தாறு ஆண்டு குடியானவர்கள் அதைச் சுமந்திருக்கிறார்கள். அவரும் உழவர் வீட்டுப் பிள்ளை. அவர் செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். குயிலாப்பாளையம் அன்று தென்னார்க்காடு ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. தெற்கே முத்தியால்பேட்டை பிரெஞ்சுக்காரன் மண். வடக்கே காலாப்பட்டும் பிரெஞ்சு மண். நடுவில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், நாங்கள். இரண்டு சர்க்கார்களும் 1941இல் சுங்க உடன்பாடு செய்துகொண்டதால் கொஞ்ச காலம் கெடுபிடி குறைந்தது. 1949இல் அந்த உடன்பாடு முடிந்தது. பிறகு 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவோடு சேரும் வரை, சந்தைக்குப் போவதென்றாலே சோதனை. என் அப்பா சொல்வார்: பாண்டிக்குக் கீரைக் கட்டு கொண்டுபோன பெண்களின் கூடையைக் கிளறுவார்கள், திரும்பிவரும் கிழவன் மடியில் செருகிய சுருட்டுக் கட்டையும் அவிழ்க்கச் சொல்வார்கள். தங்கமும் கைக்கடிகாரமும் கடத்தியவர்கள் பெரிய ஆட்கள். கூடையும் மடியும் எங்களுடையவை. நான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனை உறவுக்காரனாக நினைப்பது இதனால்தான்.

இனி கட்டுப்பாடுகள். நண்பர்களுக்கு வரியைவிட இதில்தான் கோபம். எனக்கு இல்லை. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இறுகின. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், பீடி, சுருட்டோடு குழல் புகையிலையும் இருக்கிறது. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது. ஜன்னல் மூடிய பேருந்தில் கைக்குழந்தைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டு இழுத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. வாயில் புண் வந்து ஜிப்மர் வாசலில் வரிசையில் நிற்கும் எங்கள் பகுதி ஆட்களையும் பார்க்கிறேன். புகையிலை விலை ஏறினால் பிள்ளைகள் தொடாமல் இருப்பார்கள் என்றால், ஏறட்டும். நான் கொடுக்கிறேன்.

என் வழக்கு வேறு. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் அதற்கான செஸ் சட்டமும் வந்தன. ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய் வரை ஏறிய அந்தச் சின்ன செஸ்தான் தொழிலாளிகளுக்கு மருந்தகம், வீடு கட்ட உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை என்று திரும்பி வந்தது. திருநெல்வேலிப் பக்கமும் குடியாத்தம் பக்கமும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய தாய்மார்களின் பிள்ளைகள் அந்த உதவியில் படித்து மேலே வந்திருக்கிறார்கள். நானூறு ஆண்டில், புகையிலையிலிருந்து எடுத்த காசு புகையிலையில் உழைத்தவர் பெயரிலேயே தனியாக ஒதுக்கப்பட்டது என்று நான் மதிக்கும் ஏற்பாடு அது ஒன்றுதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் ரத்தானது. நிதிக்கென்று இருந்த சொந்த ஊற்று அடைபட்டது. பொதுப் பட்ஜெட்டில் என்ன கிடைக்கிறதோ அதுதான்.

2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பீடி வரியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கவும், சிகரெட், மெல்லும் புகையிலை போன்றவற்றை 40 சதவீதத்துக்குக் கொண்டுபோகவும் முடிவெடுத்தது. பீடிக்குக் குறைப்பது தொழிலாளிக்காக என்கிறார்கள். வரி குறைந்தால் பீடி முதலாளிக்குச் சரக்கு கூடுதலாகப் போகும். சுற்றும் பெண்ணின் கூலி அதனால் உயரும் என்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பீடி நுரையீரலுக்கு நல்லதும் இல்லை. உறையூரில் சுருட்டு சுற்றும் கொஞ்சநஞ்சப் பேருக்கு அந்தப் பழைய செஸ்ஸின் நிழல்கூட இருந்ததில்லை; அது பீடிக்கு மட்டும் போட்டது.

ஆகவே சுங்கான் பிடிக்கும் நண்பர்களே, விலையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட வேண்டாம். போடுவதென்றால் இப்படிப் போடுவோம்: சிகரெட், பீடி, சுருட்டு, குழல் புகையிலை எதுவானாலும் வசூலாகும் வரியில் ஒரு பங்கைச் சட்டப்படி தனியே ஒதுக்குங்கள். பீடியும் சுருட்டும் சுற்றுகிறவர்களுக்கும், புகையிலையை விட்டு வேறு பயிருக்கு மாற நினைக்கும் குடியானவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளுக்கும் அது போகட்டும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுக்க அந்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வாருங்கள்.