நாடு என்கிற கட்டம்

2012 செப்டம்பர் கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நாங்கள் நான்கு பேர் ஒரு மகஜருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தோம். அய்.நா. பொதுச்செயலாளருக்கும் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமைக்கும் எழுதப்பட்டது அது. கூடங்குளம் விஷயத்தில் உடனே தலையிடுங்கள் என்பது சாரம். தமிழ் வாசகத்தில் பாதி நான் எழுதியது. ஆகவே அதன் குறைகளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அந்த மாதம் 10ஆம் தேதி இடிந்தகரைக் கடற்கரையில் மக்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்றே மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். 13ஆம் தேதி ஊரே கடலில் இறங்கி நின்றது. அடுத்த வாரம் முதல் உலையில் எரிபொருள் நிரப்பும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையும் டெல்லியும் காது கொடுக்காதபோது உலகத்திடம் சொல்வோம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

சிப்காட் வாசலில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு. “வாரத்துல ரெண்டு நாள் கரண்டு இல்லாம ஷிப்ட்டே போவுதுண்ணே. நீங்க இன்னாத்துக்கு உலைய மூடணும்ன்றீங்க?” என்றார் ஸ்டீல் மில்லில் காண்ட்ராக்டில் வேலை செய்த ஒரு பையன். மின்சாரம் இல்லையென்றால் உருட்டாலை ஓடாது, ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. இதைப் ‘பொய்ப்பிரக்ஞை’ என்று எழுதித் தள்ளிவிடுவது நம் இடதுசாரிகளுக்குச் சுலபம். அவனிடம் சொல்ல என்னிடம் அன்று ஒரு விஷயம்தான் இருந்தது. 1997இல் செங்கற்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் உண்டாகும்வரை கல்பாக்கமும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். 1983இல் அங்கே முதல் உலை இயங்கத் தொடங்கியது. 2003 ஜனவரியில் அங்குள்ள மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். “அவங்களும் ஷிப்ட்டுக்குப் போனவங்கதாம்பா” என்றேன். கையெழுத்துப் போட்டான். ஒத்துக்கொண்டு போட்டானா, ஆளை விட்டால் போதும் என்று போட்டானா தெரியாது.

அங்கிருந்து கும்மிடிப்பூண்டி அகதி முகாமுக்குப் போனோம். 1990 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்கள் ஓலையும் தகரமுமாக வாழ்ந்த இடம். ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. மன்னார்க்காரர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், மகஜரை முழுக்கப் படித்தார் (அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்ட வெகு சிலரில் அவரும் ஒருவர்). பிறகு கேட்டார்: “தம்பி, இதில தமிழ்நாட்டுத் தென்கரைச் சனம் எண்டு மட்டும் கிடக்கு. எங்கட கரையில காத்து அடிக்காதோ?”

நாங்கள் விழித்தோம். கூடங்குளத்திலிருந்து மன்னார் சுமார் 250 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி 600க்கும் மேல். ஆபத்தின் கணக்கில் அவருடைய ஊர் எங்களுடையதைவிட நெருக்கம். தாளில் நான்கு கட்டங்கள்: பெயர், முகவரி, நாடு, கையொப்பம். அவர் பெயர் எழுதினார், முகாம் வீட்டு எண் எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. “இதில நான் என்னத்தை எழுத?” காலியாக விட்டுக் கையெழுத்திட்டார். அவரைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் அப்படியே செய்தார்கள்.

இந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ‘சர்வதேசம்’ என்று நாம் ஆசையோடு சொல்கிற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்?

1953 டிசம்பர் 8 அன்று அய்.நா. பொதுச்சபையில் அய்சனோவர் ‘அமைதிக்கான அணு’ பற்றிப் பேசினார். அந்தப் பேச்சின் பிள்ளைதான் 1957இல் பிறந்த சர்வதேச அணுசக்தி முகமை. அதன் சாசனம் அதற்குத் தரும் முதல் வேலை, உலகெங்கும் அணுசக்தியின் பங்களிப்பை வேகப்படுத்திப் பெருக்குவது. அதாவது நாங்கள் அணுஉலையை நிறுத்தச் சொல்லி விண்ணப்பித்தது, அணுஉலையைப் பரப்புவதற்கென்றே ஏற்பட்ட சபையிடம். சாராயக் கடையை மூடச் சொல்லிக் கலால் துறைக்கு மனு போடுகிற கதை. சரி, உடல்நலத்தின் பேரால் உலக சுகாதார நிறுவனத்திடம் போகலாமென்றால், 1959 மே 28 அன்று அந்த நிறுவனம் முகமையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது: ஒருவர் அக்கறையுள்ள துறையில் மற்றவர் திட்டம் தொடங்கும்போது கலந்து பேசிக்கொள்ள வேண்டும். இது தன் சுதந்திரத்தைப் பாதிக்கவில்லை என்று சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்பாதவர்கள் 2007 ஏப்ரல் 26, செர்னோபில் நினைவு நாளில், ஜெனீவாவில் அதன் வாசலில் அட்டைகளோடு நிற்க ஆரம்பித்துப் பத்து வருடம் நின்றார்கள்.

செர்னோபிலுக்குப் பிறகு உலகம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1986 செப்டம்பரில் இரண்டு உடன்படிக்கைகள் வந்தன. விபத்து நடந்தால் உடனே தெரிவிப்பது ஒன்று, உதவிக்குப் போவது இன்னொன்று. இரண்டுமே வெடித்த பிறகான ஏற்பாடு. 1994இல் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது, இந்தியா 2005இல் அதை ஏற்புறுதி செய்தது. அரசுகள் அறிக்கை எழுதி ஒன்றையொன்று மதிப்பிட்டுக்கொள்ளும். மீறினால் தண்டனை இல்லை. உலையின் நிழலில் வாழ்கிற ஆளுக்கு அந்த மேசையில் நாற்காலியும் இல்லை.

இதோடு கூடங்குளத்தின் பிறவியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டார்கள். செர்னோபில் நடந்து இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது. 1989 மே 1 அன்று, நாட்டின் இரண்டு கரைகள் வழியாகவும் நடந்து வந்த தேசிய மீனவர் பேரவையின் யாத்திரை கன்னியாகுமரியில் துப்பாக்கிச் சூட்டோடு முடிந்தது. அணுஉலை எதிர்ப்பும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1991 மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அன்றைய எங்கள் மாவட்டத்துக்குள் இருந்த ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். டிசம்பரில் இன்னொருவரின் நாடே இல்லாமல் போயிற்று. அந்த மே மாதக் கொலைக்குப் பிறகு அகதி முகாம்களைச் சுற்றிக் கண்காணிப்பு இறுகியது. கையெழுத்திட்டவருமில்லை, கையெழுத்திட்ட நாடுமில்லை. ஆனாலும் 1998 ஜூனில் ரஷ்யாவோடு துணை ஒப்பந்தம் செய்து திட்டத்தைத் தட்டி எழுப்பினார்கள். 2002 மார்ச்சில் கான்கிரீட் விழுந்தது. 1989இலேயே ஒப்புதல் வாங்கியாயிற்று என்று சொல்லி முதல் இரண்டு உலைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே இல்லாமல் செய்தார்கள். ஒரு நாடு செத்தாலும் அதன் கையெழுத்து சாகாது. உயிரோடு இருக்கிற ஊருக்குக் கையெழுத்தே கிடையாது.

இப்படி அயல்நாட்டு உலை, அயல்நாட்டு எரிபொருள், அயல்நாட்டு நிபுணர்கள் என்று எழுந்த ஒன்றை எதிர்த்தவர்கள்தான் ‘அந்நியக் கை’ ஆனார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அமெரிக்க அறிவியல் இதழொன்றுக்கு அளித்த பேட்டியில் தொண்டு நிறுவனங்களைக் குற்றம் சாட்டினார். அதே மாதக் கடைசியில் நாகர்கோவிலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் கையெழுத்து வாங்கிய அதே செப்டம்பரில், கூடங்குளம் மக்களைப் பார்க்க வந்த மூன்று ஜப்பானியர்கள் சென்னை விமான நிலையத்தைத் தாண்ட அனுமதிக்கப்படவில்லை. உலைக்குத் திறக்கும் கதவு உலையைப் பற்றிய அனுபவத்துக்கு மூடிக்கொள்கிறது. ஃபுகுஷிமா நடந்து அப்போது ஒன்றரை வருடம்.

இலங்கை அரசு பேசவில்லையா? பேசியது. 2012இல் அதன் மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க தென்னிந்திய உலைகள் பற்றி முகமையிடம் எழுப்பப் போவதாகச் சொன்னார். அவர் அரசியல் எப்படிப்பட்டது என்று ஈழத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்க் கடற்கரைக்காக அவர் கவலைப்பட்டார் என்று நம்ப முகாமில் எவரும் தயாராயில்லை. 2015 பிப்ரவரியில் அடுத்து வந்த ஆட்சி இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இப்போது எங்கள் குற்றத்துக்கு வருகிறேன். கையெழுத்துத் தாள்களைச் சேர்த்துக் கட்டிய ராத்திரி, முகாம்காரர்களின் ஒன்பது வரிசைகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. “அகதிங்க கையெழுத்தப் பாத்தா அந்நியக் கைன்னு அவனுங்களே நிரூபிச்சிடுவானுங்க” என்றார் ஒரு தோழர். க்யூ பிராஞ்ச் முகாமில் போய் விசாரிக்கும், அவர்களுக்குத்தான் சிரமம் என்றார் இன்னொருவர். இரண்டாவது காரணம் மனசாட்சிக்கு வசதியாக இருந்தது. ஸ்கேல் வைத்து ஒன்பது கோடுகள் போட்டது நான்தான். அவர்களிடம் கேட்கவில்லை. சர்வதேசத்துக்கு எழுதிய மகஜரில் உண்மையிலேயே எல்லை தாண்டியிருந்த ஒன்பது பெயர்களை எல்லையின் பேரால் அடித்தோம்.

என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது பின்னால்தான் விளங்கியது. 1991இல் பின்லாந்தின் எஸ்போவில் அய்ரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஒரு நாடு கட்டுவது பக்கத்து நாட்டைப் பாதிக்குமானால் அந்தப் பக்கத்து நாட்டு மக்களையும் கலந்து பேச வேண்டும் என்கிறது அது. பெலாரஸ், லிதுவேனியத் தலைநகர் வில்னியூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஆஸ்ட்ராவெட்ஸில் அணுஉலை கட்டியது. கூடங்குளத்துக்கு அண்ணன் தம்பி முறை வரும் ரஷ்ய உலைதான். லிதுவேனியா முறையிட்டது. பெலாரஸ் உடன்படிக்கையை மீறியது என்று 2019இல் உறுப்பு நாடுகளின் கூட்டம் முடிவு செய்தது. 2020இல் உலை ஓடத்தான் செய்தது. ஆனால் ‘எங்களைக் கேட்காமல் கட்டினாய்’ என்பது அங்கே சட்டத்தின் பாஷையில் எழுதப்பட்டுவிட்டது. பாக் நீரிணைக்கு அப்படி ஒரு தாள்கூட இல்லை. ‘தலையிடுங்கள்’ என்று வியன்னாவைக் கும்பிடுவதற்குப் பதில், காற்று போகும் தூரம்வரை உள்ளவர்களுக்கு, எந்த நாட்டவராயினும் நாடற்றவராயினும், கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் எங்கள் தாளில் மூன்றாவது கட்டமே வந்திருக்காது.

உச்சநீதிமன்றம் 2013 மே 6 அன்று 15 நிபந்தனைகளோடு கூடங்குளத்தை அனுமதித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 1962இன் அணுசக்திச் சட்டத்தையும் 2010இன் இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கி, தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. இனி முறையீடுகள் நிறைய எழுத வேண்டிவரும்.

மன்னார்க்காரர் 2016இல் ஊர் திரும்பினார். கூடங்குளத்தின் இரண்டாவது உலை இயங்கத் தொடங்கிய வருடம். புறப்படுவதற்கு முன் ஒன்பது கோடுகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லிட்டீரோ?” என்றார். சொல்லவில்லை. அதில் மூன்று பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.